இரண்டு கொக்கிகள்

1841 ஜூலையில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் கடலில் இறங்கியது. எண்பது ஆண்டுகளில் 37 பயணம் போய்வந்த அந்தக் கப்பலை இன்றும் மிஸ்டிக் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் திமிங்கிலத்தைத் துரத்தியது கப்பல் அல்ல. அதன் பக்கவாட்டில் தொங்கிய சிறு படகுகள். நீளம் முப்பது அடிக்குள். இரு முனையும் கூர். ஆறு பேர் ஏறுவார்கள்.

இந்தப் படகுகளைக் கட்டிய கைகளைப் பாராட்டாதவர் இல்லை. அவற்றை ஒவ்வொரு முறையும் நடுக்கடலில் இறக்கி, மறுபடி தூக்கியவர்களைப் பற்றித்தான் பேச்சே காணோம். அதுவும் லேசுப்பட்ட வேலை அல்ல.

கப்பலின் விளிம்பில் ஒவ்வொரு படகுக்கும் இரண்டு மரக் கம்பங்கள் வெளியே வளைந்து நிற்கும். மாலுமிகள் அவற்றை டேவிட் என்பார்கள். கம்பத்துக்கு ஒரு கப்பி, கப்பிக்கு ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. திரும்பி வந்த படகு கப்பலை ஒட்டி நின்றதும் முன்கொக்கியையும் பின்கொக்கியையும் மாட்ட வேண்டும். மேல்தளத்தில் இரண்டு வரிசையாக ஆட்கள் ஒரே வேகத்தில் இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்தினாலும் படகு சாயும். ஒரு முனை அவிழ்ந்த தூளிபோல உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். அரை அங்குலப் பலகையால் ஆன உடம்பு வேறு; கப்பல் உருளும்போது அதன் பக்கத்தில் மோதினால் நொறுங்கும்.

கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் வரிசை முக்கியம். தூக்கும்போது முன்கொக்கி முதலில். இறக்கும்போது பின்கொக்கியை முதலில் கழற்றுவார்கள். பின்முனை மட்டும் மாட்டியிருந்தால் ஓடும் நீர் படகின் முன்முனையைத் திருப்பி, குறுக்கே தள்ளிக் கவிழ்த்துவிடும். மேலே வந்ததும் படகின் அடியில் மரத்தாங்கிகளை நகர்த்தி வைத்து, ஆடாதபடி இறுக்கிக் கட்டுவார்கள். கயிறு மட்டுமே எடையைச் சுமக்க விடுவதில்லை.

வேட்டை ஓய்ந்தது. உயிர்காக்கும் படகுகளுக்கு அதே இரட்டைக் கொக்கி தொடர்ந்தது, அதே ஆபத்தும் தொடர்ந்தது.

1980 மார்ச் 27 அன்று வடகடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். இருந்த ஏழு படகுகளில் நான்கை இறக்கினார்கள். புயலில் கயிறுகள் விறைத்து நின்றதால் கொக்கிகள் திறக்கவில்லை. ஒன்றை மட்டுமே விடுவிக்க முடிந்தது. எடை தொங்கும்போதும் திறக்கும் கொக்கி வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுத்தது. 1986 முதல் புதிய கப்பல்களுக்கு அது கட்டாயமானது.

தீர்வே புதிய ஆபத்தைக் கொண்டுவந்தது. சரியாகப் பூட்டப்படாத கொக்கி, பயிற்சியின்போது உயரத்திலேயே திறந்துகொண்டது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு 2001இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாண்டுகளில் 12 மாலுமிகள் உயிர்காக்கும் படகு விபத்துகளில் இறந்ததைப் பதிவு செய்தது. காப்பாற்றுவதற்காக வைத்த கருவி, ஒத்திகையிலேயே ஆளைக் கொல்வது பொறுக்கக்கூடியதல்ல.

2011இல் சர்வதேச விதிகள் மாறின. படகின் எடை இழுக்க இழுக்கக் கொக்கி மூடியே நிற்க வேண்டும். ஆள் வேண்டுமென்றே இயக்கினால்தான் திறக்க வேண்டும். அந்தத் தரத்துக்கு வராத பழைய கொக்கிகளை மாற்ற 2019 ஜூலை வரை கெடு தரப்பட்டது. அதுவரை கொக்கியைச் சுற்றி ஒரு தனிப் பட்டையையோ குறுக்கு ஊசியையோ போட்டு, படகு நீரைத் தொட்ட பிறகே அகற்றும்படி அறிவுறுத்தப்பட்டது.