பொக்லைன் வைத்துத் தோண்டும் முன் நிலத்தடியில் என்ன போகிறது என்று பாருங்கள்

அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கும்போதுதான் பண்ணைக்குட்டை, தென்னங்குழி, சொட்டுநீர் மெயின் பைப் என்று பொக்லைன் வேலை வரும். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால், வண்டி வந்ததும் தோண்டச் சொல்லிவிடுகிறோம். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

முதலில் நீங்களே புதைத்தது. கிணற்று மோட்டார் கேபிளை ஒன்றரை அடியில் புதைத்திருப்பீர்கள். பத்து வருடத்தில் அது எந்த வரப்போரம் போகிறது என்பதே மறந்துபோகும். அப்பா காலத்துக் கேபிள் என்றால் கேட்கவே வேண்டாம். வழியைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முன்னால் வரும் கேபிள் என்றால் மின்வாரிய ஊழியர் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே தோண்ட வேண்டும்.

எரிவாயு, எண்ணெய்க் குழாய் போகும் நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1962-ம் ஆண்டு சட்டப்படி, குழாய்க்காக உரிமை எடுத்த பட்டையில் பயிர் செய்யலாம். கட்டடம் கட்டவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. குழாய் பெரும்பாலும் மூன்று, நான்கு அடி ஆழத்தில்தான் இருக்கும். தென்னங்குழியே மூன்று அடி! மேட்டை வெட்டிச் சமன் செய்த வயலில் அந்த ஆழமும் இருக்காது. இரண்டு அடையாளக் கற்களுக்கு நடுவில் குழாய் நேராகப் போகும் என்றும் நம்பாதீர்கள். கல்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, நிறுவன ஆட்கள் வந்து இடம் குறித்த பிறகு, அவர்கள் முன்னிலையில் வேலை செய்யுங்கள். உழவுக்கு இடைஞ்சல் என்று அந்தக் கல்லைப் பிடுங்கிவிட வேண்டாம்.

2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால், அங்கே கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதை மட்டும் நம்பாமல் ஊராட்சியிலும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் விசாரியுங்கள்.

எரிவாயுக் குழாயில் அடிபட்டால், வீட்டு சிலிண்டர் போல நாற்றம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொலைதூரக் குழாய்களில் போகும் வாயுவில் பெரும்பாலும் வாசனை சேர்ப்பதில்லை. சீறும் சத்தம், பறக்கும் புழுதி, தேங்கிய நீரில் குமிழி ஆகியவைதான் அடையாளம். பீடி, தீப்பெட்டி, மோட்டார் சுவிட்ச் எதையும் தொடாமல் காற்று வரும் திசையை நோக்கி எல்லோரும் விலகுங்கள். மண் போட்டு மூடப் பார்க்காதீர்கள். தூரம் போன பிறகு போன் செய்யுங்கள்.

மின்கேபிளில் பக்கெட் பட்டால் டிரைவர் இறங்கக் கூடாது. மின்சாரம் நிறுத்தப்படும் வரை சீட்டிலேயே இருக்க வேண்டும். கீழே நிற்பவர்கள் வண்டியைத் தொடாமல் தள்ளிப்போக வேண்டும். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறுசிறு எட்டாக நகர்ந்து விலகச் சொல்லுங்கள்.