போர்முனையில் சுட்ட பலகாரம்

1917ஆம் ஆண்டு செப்டெம்பரில், பிரான்சு நாட்டு மொந்தியே கிராமத்தில் தங்கியிருந்த அமெரிக்கப் போர்வீரரை ஓயாத மழையும் ஊர் நினைவும் வாட்டின. அத்துயருக்கு உபதேசத்தினும் பலகாரமே உகந்த மருந்தெனக் கண்டனர் போலும், இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹெலன் பர்வையன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்னும் பெண்மணிகள். கிடைத்த மாவு, சீனி, பன்றிக் கொழுப்பு, தகரப் பால் ஆகியவற்றைக் கொண்டு, தாயகத்து டோனட்டைச் சுட முனைந்தனர். மாவை உருட்டக் கட்டையில்லை. வைன் போத்தலே அவ்வேலையைச் செய்தது. சிறு சட்டியில் ஒரு தடவைக்கு ஏழுதான் வேகும். முதல் நாள் 150 தேறின. மறுநாள் அத்தொகை இரட்டித்தது. ஆனால் உழுந்து வடைபோல் நடுவிலிருக்க வேண்டிய துளை அவற்றில் இல்லை. வீரரோ அதையும் கேட்டனர்! முதிய பிரெஞ்சுக் கொல்லர் ஒருவர், வெற்றுப் பால்தகரத்தின் மேற்பாகத்தையும் சிறு குழாயொன்றையும் மரக்கட்டையிற் பொருத்தி அச்சொன்று செய்துகொடுத்தார். டோனட்டும் துளை பெற்றது.