ஏழு உத்திகளும் நம் இளையோரும்

விளம்பரத்தை ஆராய மாணவருக்குக் கற்பிக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1937-இல் நியூயார்க்கில் பரப்புரை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பாஸ்டன் வணிகர் எட்வர்ட் பைலீன் பொருளுதவி செய்தார். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் கிளைட் மில்லர் வழிநடத்தினார்.

மக்களை மயக்கும் உத்திகள் ஏழினை அது வகுத்துக் காட்டியது: இழிபெயர் சூட்டல், பொருள் தெளியாப் பகட்டுச் சொற்கள், மதிப்புக்குரிய ஒன்றின் பெருமையைத் தனதாக்கல், புகழ்பெற்றோர் சான்று, எளியவராய்க் காட்டிக்கொள்ளல், சாதகமானதை மட்டும் அடுக்கல், 'ஊரே நம் பக்கம்' எனல். பள்ளிகளுக்கென்று பயிற்சிப் பாடங்களையும் அது வெளியிட்டது.

1939-இல் அந்நிறுவனத்தின் நூலொன்று, சார்லஸ் காக்லின் என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவின் வானொலி உரைகளை ஆராய்ந்தது. யூதர்மீது வெறுப்பை வளர்த்த அவரது உரைகளில் எவ்வரியில் எவ்வுத்தி ஒளிந்துள்ளது என்பதைக் குறியிட்டுக் காட்டியது. குருத்துவத்தின் மதிப்பே அங்கு மூன்றாம் உத்திக்குக் கருவியாயிற்று. இது நம்மைச் சுடும் உண்மை.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. 1942-இல் நிறுவனம் மூடப்பட்டது. அதன் ஏழு உத்திகளோ இன்றும் வகுப்பறைகளில் வாழ்கின்றன. நம் மறைக்கல்வி மாணவரிடம் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, 'இதில் எவ்வுத்தி?' என்று கேட்போம். பின்னர் நம் மறையுரைகளையும் அவர்கள் அவ்வாறே உரைத்துப் பார்க்க இடங்கொடுப்போம்.