முட்டைக்கலம்: ஒரு கண்டுபிடிப்பின் சமூக வரலாறு

கி.மு. 458இல் ஏதென்சில் அரங்கேறிய ஈஸ்கைலஸின் ‘ஒரெஸ்தேயா’ நாடகத் தொகுதியின் இறுதியில், தாயைக் கொன்ற மகனுக்காக அப்பொல்லோ வாதிடுகின்றான். தாய் பெற்றவள் அல்லள். தந்தை இட்ட வித்தைப் பேணும் செவிலியே என்பது அவன் வாதம். மகன் விடுதலை பெறுகின்றான். தாயுரிமையைத் தந்தையுரிமை வென்றதன் சித்திரிப்பாக இதனைப் பாஹோஃபன் விளக்கியதை 1891இல் எங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். அடுத்த நூற்றாண்டில் அரிஸ்ரோட்டில் இக்கருத்தினைத் தத்துவமாக்கினார்: ஆண் வடிவத்தை அளிப்பவன், பெண் பொருளை மட்டும் அளிப்பவள். அடிமையுழைப்பின்மீதும் ஆண்வழிச் சொத்துரிமையின்மீதும் நிலைபெற்ற சமூகத்திற்கு இதுவே இயற்கையின் நியதியாகத் தோன்றிற்று.

இக்கருத்தின் ஆட்சி குலைவதற்கு வணிக வர்க்கத்தின் எழுச்சியும் புதிய கருவிகளும் வேண்டியிருந்தன. அரசனின் மான்களை அறுத்தாய்ந்த ஹார்வி, விலங்குகள் யாவும் முட்டையிலிருந்தே தோன்றுவன என 1651இல் எழுதினார். எனினும் பாலூட்டியின் முட்டையை அவர் கண்டாரல்லர். 1672இல் டெல்ஃப்ட் நகர மருத்துவர் டி கிராஃப் சூலகப் புடைப்புகளை விவரித்து, அவற்றையே முட்டைகளெனக் கொண்டார். அதே நகரின் துணி வணிகர் லீவன்ஹூக், இழைகளை எண்ண வணிகர் கையாண்ட வில்லைகளை நுணுக்குக்காட்டியாக வளர்த்து, 1677இல் விந்தணுவைக் கண்டார். உடனே, முழு மனிதனும் விந்தணுவினுள் அடங்கியுள்ளான் என்போர் தோன்றினர். அப்பொல்லோவின் வாதம் நுணுக்குக்காட்டியினூடாக மீண்டது எனலாம். கருவி புதிதாயினும் நோக்கும் கண் பழையதாகவே இருந்தது.

1827இல் வொன் பேயர் நாயின் சூலகப் புடைப்பினுள் உண்மையான முட்டையைக் கண்டார். 1876இல் ஹேர்ட்விக் கடல் முள்ளியில் இரு கருக்கள் ஒன்றுவதைக் காட்டினார்.

இன்று நாம் அறிவன இவை: கருப்பருவத்தின் நடுப்பகுதியில் பெண் சிசுவின் சூலகங்களில் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் முட்டைக்கலங்கள் உள்ளன, பிறப்பில் 10 முதல் 20 இலட்சம், பூப்பின்போது 3 முதல் 4 இலட்சம். அவற்றுள் முதிர்ந்து வெளிப்படுவன ஏறத்தாழ 400 மட்டுமே. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் ஒடுக்கற்பிரிவு இடைநின்று, பல்லாண்டுகளின் பின், சூல் வெளிப்படுவதற்குச் சற்று முன்னரே தொடர்கின்றது. இரண்டாம் பிரிவு விந்தணு புகுந்த பின்னரே நிறைவுறும். பிரிவு சமமானதன்று: கலப்பொருளின் பெரும்பகுதி முட்டையிலேயே தங்கி, முளையத்தின் முதல் நாட்களை நடத்துகின்றது. செவிலி எனப்பட்டவளே முதற் கலத்தின் பெரும்பங்கை ஆக்குகின்றாள்.

எனினும், அறிவியல் உண்மை தானாகவே உரிமையாக மாறுவதில்லை என்பதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே உடைமையாகக் கொள்ளும் உரிமை, வொன் பேயரின் கண்டுபிடிப்புக்கு 55 ஆண்டுகளின் பின், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது; அதனை ஈட்டியது ஆய்வுகூடமன்று, போராட்டமே. ஆணை வித்தாகவும் பெண்ணை நிலமாகவும் கூறும் உருவகம் நம் வழக்கிலும் இன்றுவரை நிலவுகின்றது. அதனை வெறும் அணியழகாகக் கொள்ளாது, அதன் அடியிலுள்ள உடைமையுறவை வெளிக்கொணர்வது இலக்கிய ஆய்வாளர் கடனாகும்.