ஒரே என்ஜின், ரெண்டு கார்புரேட்டர்: சோழவரம் காலத்து வேகக் கணக்கு

போன எபிசோடுக்கு அப்புறம் ஆம்பூர்ல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறவர். "அண்ணா, தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வீட்டுல நிக்குது. நல்லாவே ஓடுது. ஆனா ஹைவேயில மேம்பாலம் ஏறினா மூச்சு வாங்குது. கையில இந்த வருஷ போனஸ் மட்டும்தான் இருக்கு. இதை வச்சு வண்டியைக் கொஞ்சம் வேகமாக்க முடியுமா?"

இதே கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல பல பேர் கேட்டிருக்காங்க. பதிலையும் அவங்களே கண்டுபிடிச்சாங்க, ஒரு பழைய விமான ஓடுதளத்துல. இன்னைக்கு அந்தக் கதை.

முதல்ல அமெரிக்கா. 1964-ல போன்டியாக் கம்பெனி ஜிடிஓன்னு ஒரு காரை விட்டது. மசில் கார்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது அதுதான். நடுத்தர சைஸ் காருக்குள்ள 6.4 லிட்டர் வி8 என்ஜின், 325 குதிரைத்திறன். கூடுதலா காசு கொடுத்தா அதே என்ஜின்ல மூணு கார்புரேட்டர் வச்சுத் தருவாங்க, 348 ஆகிடும். என்ஜினோட அளவு ஒரு சொட்டுகூட மாறலை, அது மூச்சு விடுற வழி மட்டும் அகலமாச்சு. இந்த மூணு கார்புரேட்டரை மனசுல வச்சுக்கோங்க.

அதே 1964-ல நம்ம ஊர் நிலைமை என்ன? வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டுப் போச்சு. கார் வேணும்னா மூணே மூணு கம்பெனிதான்: அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஃபியட் செய்த பிரீமியர், ஹெரால்ட் செய்த ஸ்டாண்டர்ட். இந்த மூணாவது கம்பெனி நம்ம வண்டலூர் பக்கம்தான் இருந்தது. ஆம்பூர் நண்பரோட தாத்தா வண்டி பிறந்த இடமும் அதுதான். பணக்காரரா இருந்தாலும் சரி, பெரிய என்ஜினை வாங்கிப் போடலாம்னா சந்தையில கிடையாது. கிடைச்ச என்ஜின்ல இருந்துதான் பிழிஞ்சு எடுக்கணும்.

ஹெரால்டுக்குள்ள இருந்தது 948 சிசி என்ஜின். இங்கிலாந்துல இதே 948 சிசி என்ஜின் ரெண்டு விதமா வித்தது. சாதாரண குடும்பக் கார்ல ஒரே ஒரு கார்புரேட்டர், 34.5 குதிரைத்திறன். கூப்பே மாடல்ல ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷன், சுமார் 45 குதிரைத்திறன். ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல், சிலிண்டர் அளவை மாத்தாமலே. அம்பாசடர்லயும் இதே கூத்துதான். நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல நின்ன அம்பாசடரோட 1489 சிசி என்ஜினும், எம்ஜிஏன்னு வெள்ளைக்காரன் ஓட்டின ஸ்போர்ட்ஸ் காரோட என்ஜினும் ஒரே குடும்பம், அளவும் ஒண்ணுதான். எம்ஜிஏல அது 68 குதிரைத்திறன்ல தொடங்கி 72 வரைக்கும் கொடுத்தது. அம்பாசடர்ல ஐம்பது சொச்சம். தாசில்தாருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை!

இது எப்படி நடக்குது? என்ஜின்ங்கிறது ஒரு காத்து பம்ப். எவ்வளவு காத்து உள்ளே போகுதோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். ஒரே கார்புரேட்டர் நாலு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தா, வேகமா சுத்தும்போது காத்து பத்தாது. ரெண்டாவது வழி கம்ப்ரஷன். சிலிண்டர் ஹெட்டோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவி எடுத்தா உள்ளே இருக்கிற இடம் சுருங்கும், வெடிப்பு பலமா இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆளுங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோல் ஷாப்ல ஷேவிங் மெஷின் என்ன பண்ணுது? தோலைச் சீவி, மில்லிமீட்டர் கணக்குல ஒரே தடிமனுக்குக் கொண்டுவருது. அதிகமா சீவினா அந்தத் தோல் போச்சு. ஹெட்டும் அப்படித்தான். இந்த வேலையை லேத் பட்டறையிலயே செஞ்சுடலாம். அதனாலதான் அது ஏழை ரேஸரோட முதல் ஆயுதமா இருந்தது.

ஆயுதம் இருந்தா களம் வேணுமே. மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ரேஸ் மைதானமா மாத்தினது. பல பத்தாண்டுகளுக்கு இந்திய மோட்டார் ரேஸிங்னாலே சோழவரம்தான். இங்கே மகாராஜாக்களும் மில் முதலாளிங்களும் வெளிநாட்டு ரேஸ் கார்களோட வந்தாங்க. 1980-களின் தொடக்கத்துல விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஆனா களத்தை நிரப்பினது ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும்தான். பின் சீட்டைக் கழட்டு, பம்பரைக் கழட்டு, உள் அலங்காரத்தைக் கழட்டு. கழட்டுறதுக்குக் காசு வேணாம் பாருங்க. பத்து கிலோ குறைக்கிறதும் கொஞ்சம் பவர் ஏத்துறதும் கடைசியில ஒரே வேலைதான்.

இந்த எடைக் கணக்கைக் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் கோயம்புத்தூர்க்காரர், எஸ். கரிவரதன். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான். மில் குடும்பத்துல பிறந்தவர், நினைச்சா வெளிநாட்டுக் காரை வாங்கி ஜெயிச்சுட்டுப் போயிருக்கலாம். அவர் யோசிச்சது வேற: வசதி இல்லாத பையன் எப்படி ரேஸ் ஓட்டுவான்? 1980-களின் பிற்பகுதியில மாருதி 800-ஓட 796 சிசி என்ஜினை எடுத்து, குழாய் சட்டத்துல ஒத்தை சீட் ரேஸ் கார் கட்டினார். பேரு ஃபார்முலா மாருதி. காய்கறி வாங்கப் போற காரோட அதே என்ஜின்தான். சுமக்க வேண்டிய உடம்பு இல்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்ங்கறதால ஓட்டுறவன் திறமைதான் பேசும். நரேன் கார்த்திகேயன் ஓட்டின முதல் ரேஸ் ஸ்ரீபெரும்புதூர்ல, ஃபார்முலா மாருதியில. 2005-ல அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். அதைப் பார்க்க கரி இல்லை. 1995-ல ஒரு சின்ன விமானம் விழுந்து அவர் இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

கார் இல்லாத வீட்டுக்கு இந்த ஆசை எந்த வழியா வந்தது? யமஹா ஆர்எக்ஸ் 100 வழியா. 1985-ல வந்தது, 1996-ல நின்னது. 98 சிசி, 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை. எங்க வயசு ஆளுங்களுக்கு மசில் கார்னா இதுதான். இதோட ரகசியம் சைலன்சருக்குள்ள இருக்கு. டூ ஸ்ட்ரோக் என்ஜின்ல, எரியாத பெட்ரோல் கலவை கொஞ்சம் வெளியே தப்பிச்சுடும். வயிறு பெருத்து, வாய் குறுகின சைலன்சர், அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிக்கிறதை உள்ளேயே தள்ளும். இதைப் பக்குவப்படுத்தினவர் கிழக்கு ஜெர்மனியில எம்இசட் கம்பெனியில இருந்த வால்டர் காடன். பணம் இல்லாத கம்பெனி. 1961-லயே 125 சிசியில 25 குதிரைத்திறன் எடுத்தாங்க. அதே வருஷம் அவங்க ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச்சு, அந்த வித்தையோட சுசூகிக்குப் போய்ச் சேர்ந்தார். 1962-ல சுசூகி 50 சிசி உலக சாம்பியன். அங்கிருந்து ஜப்பான் பைக்குகள் முழுக்க அது பரவினது. அதனால, சைலன்சரை அறுத்துட்டு 'டுர்ர்'னு போற தம்பிகளுக்கு ஒரு தகவல்: சத்தம்தான் கூடுது. பவர் பெரும்பாலும் குறையுது.

சரி, ஆம்பூர் நண்பருக்குப் பதில். ஹெரால்ட் மூச்சு வாங்குறதுக்குக் காரணம் முதல்ல வயசு. கம்ப்ரஷனை அளந்து பாருங்க, வால்வ் இடைவெளி, பாயின்ட், பிளக், டைமிங் எல்லாம் சரி பண்ணுங்க. தொலைஞ்சுபோன குதிரைகள்ல பாதி அதுலயே திரும்பி வந்துடலாம். அப்புறமும் ஆசை இருந்தா ஹெட்டைச் சீவுங்க, ஆனா அளவா. அதிகமானா நாக்கிங் வந்து பிஸ்டன் போயிடும். ஹெட் கழட்டினதும் வால்வ் சீட்டையும் பாருங்க. நம்ம நாட்டுல 2000-ல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுபோச்சு. பழைய இரும்பு ஹெட்ல வால்வ் சீட்டைக் காப்பாத்திட்டு இருந்ததே அந்த ஈயம்தான். கடினமான சீட் போட்டுக்கிறது நல்லது. ரெண்டு கார்புரேட்டர் கடைசி.

போனஸ்ல முதல் பங்கு மட்டும் பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும். சோழவரத்துல பிரேக் தோத்தா முன்னாடி வெறும் ஓடுதளம் கிடந்தது. பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில தோத்தா முன்னாடி கண்டெய்னர் லாரியும், ஷிஃப்ட் முடிஞ்சு ரோட்டைக் கடக்கிற ஷூ கம்பெனி பெண்களும் இருப்பாங்க. சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சி புக்ல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அதனால வேற பெரிய என்ஜினைத் தூக்கி வைக்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க. இருக்கிற 948-ஐ நல்லா மூச்சு விட வைக்கிறதோட நிறுத்திக்கலாம்.

முழு வேகத்துல போய்ப் பார்க்கணும்னா சோழவரம் வரைக்கும் போக வேண்டாம். கிளப் 1990-ல இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக் கட்டிடுச்சு. ஆம்பூர்ல இருந்து வேலூர், ராணிப்பேட்டை வழியா அதே ஹைவேயில நேரா வந்தா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் வந்துடும்.