அந்தமான் எறும்புகளும் அவற்றை இனங்கண்டோரும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கிழக்கு நோக்கிச் சுமார் 1,200 கிலோமீட்டர் சென்றால் அந்தமான் தீவுகளை அடையலாம். கடற்பயணம் மூன்று நாட்கள் பிடிக்கும். அக்கப்பல்களில் அரிசி மூட்டையும் தென்னங்கன்றும் மரச்சாமானும் மனிதரும் செல்வதுண்டு. பயணச்சீட்டு வாங்காமல் செல்லும் பிரயாணி ஒன்றும் உண்டு, அதுவே எறும்பு. மும்பையிலோ டில்லியிலோ வாழ்ந்துகொண்டு, ஊரிலிருந்து வந்த வெல்லப் பானையைத் திறந்து பார்த்த நேயர்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளில் வாழும் எறும்புகளுள் காட்டுக்கே உரியவை எவை, கப்பலில் வந்து குடியேறியவை எவை என்னும் கேள்வி ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது. அதற்கு விடைகாண முயன்றவர்கள் முதலில் ஓர் எறும்பை மற்றோர் எறும்பினின்று பிரித்தறியக் கற்க வேண்டியிருந்தது. அந்தக் கல்வியின் வரலாற்றையே இங்குக் காண்போம்.

1858ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ‘நோவாரா’ என்னும் ஆஸ்திரியப் போர்க்கப்பல் உலகைச் சுற்றிவரும் வழியில் நிக்கோபார்த் தீவுகளில் தங்கிற்று. அதே மார்ச்சு மாதத்தில்தான், முந்திய ஆண்டின் கிளர்ச்சியில் தண்டிக்கப்பெற்ற கைதிகளின் முதற்கூட்டத்தை ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் இறக்கினர். ஒரு கப்பல் பூச்சிகளைப் புட்டியில் அடைத்துக்கொண்டு சென்றது. மற்றொன்று மனிதர்களைக் கொண்டுவந்து தீவில் அடைத்தது. நோவாராவில் சேர்த்த எறும்புகளை வியன்னாவின் குஸ்டாவ் மாயர் ஆராய்ந்து 1865இல் விவரித்தார். நிறத்தையும் பருமனையும் மட்டும் நம்பாமல் உடலின் அமைப்பைக் கொண்டு எறும்புகளை வகைப்படுத்தியவர்களுள் இவர் முன்னோடி.

நிறத்தை ஏன் நம்பலாகாது? ஒரே புற்றில் பிறந்த உடன்பிறப்புகளுள் ஒன்று பெருந்தலையும் பருத்த உடலும் கொண்டிருக்கும். மற்றொன்று அதில் கால்பங்குகூட இராது. ஆண் எறும்போ சிறகு முளைத்து, வேறொரு பூச்சி போலவே காணப்படும். ஆண் ஒரு பெயராலும் வேலைக்கார எறும்பு வேறொரு பெயராலும் நூலில் ஏறிவிட்ட கதைகள் பல உண்டு.

ஆகவே அறிஞர்கள் முதலில் இடையை நோக்கினர். எறும்பின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல்போன்ற இடை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கணு இருக்கும். அல்லது இரு கணுக்கள் இருக்கும். கட்டெறும்பையும் முயிற்றையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால் ஒரே கணுவைக் காணலாம். நெருப்பெறும்புக்கு இரண்டு. இந்த ஒரு வேறுபாட்டாலேயே ஒரு பெருங்கூட்டத்தைப் பாதியாகப் பிரித்துவிடலாம். அடுத்து வயிற்றின் நுனியைக் காண வேண்டும். அங்கே கொடுக்கு உண்டா? கொடுக்கின்றி, மயிர் சூழ்ந்த வட்டத் துவாரம் ஒன்று இருக்கிறதா? அவ்வாறிருப்பின் அது அமிலத்தைப் பீச்சும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன்பின் உணர்கொம்புகளின் கணுக்களை எண்ணவேண்டும். இந்த எண்ணிக்கைதான் பொறுமையைச் சோதிப்பது. வீட்டுச் சுவரில் ஊரும் சிறிய மஞ்சள் நிறப் ‘பாரோ’ எறும்புக்கும், அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய நெருப்பெறும்புக்கும் இடையில் இரு கணுக்களே. ஆனால் முன்னதன் கொம்பில் 12 துண்டுகள், பின்னதில் 10. முன்னதன் கொம்பு நுனியில் மூன்று துண்டுகள் சேர்ந்து கதைபோல் பருத்திருக்கும்; பின்னதில் இரண்டே. ஒன்று மருத்துவமனைகளில் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரியும். மற்றொன்று காலில் தீக்காயம் போலக் கொட்டும்.

நம் முன்னோரும் எறும்புகளை வகைப்படுத்தாமல் இல்லை. கட்டெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு என்னும் பெயர்கள் பருமனையும் நிறத்தையும் குணத்தையும் பற்றியவை. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முயிறு நற்றிணையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஒரு வகையில் தமிழ் ஆங்கிலத்தை விஞ்சியும் நிற்கிறது. பழைய ஆங்கில அரசாங்கக் குறிப்புகள் கறையானை ‘வெள்ளை எறும்பு’ என்றே எழுதிவந்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் அச்சொல்லை அப்படியே தமிழில் பெயர்க்க முற்பட்டால் பிழையாகும். கறையானுக்கு ஒடுங்கிய இடை கிடையாது, உணர்கொம்பு மடங்கியிராது, அது கரப்பான் பூச்சிக்கே உறவு. அதற்குத் தனிப் பெயர் வைத்த நாட்டார் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் வீட்டுக்குப் போதுமான பெயர்கள் கடல்கடந்த தீவுகளை ஒப்பிடப் போதா. ‘செவ்வெறும்பு’ என்னும் ஒரு சொல்லில் பத்து இனங்கள் ஒளிந்திருக்கக் கூடும்.

தென்னிந்திய எறும்புகளுக்கு முறையான பட்டியல் ஒன்றை முதன்முதலில் வெளியிட்டவர் தாமஸ் ஜெர்டன். பறவை நூலால் புகழ்பெற்ற இந்தப் படை மருத்துவர், 1851இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதழில் அதனை எழுதினார். நீண்ட கால்களையுடைய மஞ்சள் எறும்பு ஒன்றுக்கு ‘நீள்காலன்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரை அவர் வைத்தார். பின்னர் 1857இல், ஆல்பிரெட் வாலஸ் சிங்கப்பூரில் பிடித்தனுப்பிய அதே இனத்தைக் கண்ட பிரெடரிக் ஸ்மித், ‘மென்காலன்’ என்று வேறு பெயர் சூட்டினார். முந்தியவர் ஜெர்டன், ஆகவே அவர் பெயரே நெடுங்காலம் நின்றது. ஆனால் அப்பெயர் அவருக்கு முன்பே வேறோர் எறும்புக்கு வழங்கப்பட்டது என்பதால், 1990களில் அது நீக்கப்பட்டு ஸ்மித்தின் பெயர் நிலைபெற்றது. இவ்வழக்கில் ஜெர்டனுக்காகச் சாட்சி சொல்ல அவர் கண்ட எறும்புகளே இல்லை; அவருடைய மாதிரிகள் காக்கப்படவில்லை. விவரணையை மட்டும் எழுதிவிட்டு எறும்பை எறிந்துவிடுவது பின்வருவோருக்கு எவ்வளவு தொல்லை என்பதற்கு அவருடைய பட்டியல் முழுவதும் சான்றாகும்.

அந்தமானுக்கு மீள்வோம். பம்பாய் மாகாணத்தின் வன அதிகாரி ராட்டன், எறும்புகளைச் சேர்த்து ஸ்விட்சர்லாந்தில் இருந்த ஆகஸ்டு போரெல் என்பவருக்கு அனுப்பி வந்தார். போரெல் மனநோய் மருத்துவர். சூரிச் நகரின் பெரிய மனநோய் விடுதியை 1879 முதல் 1898 வரை நடத்தியவர். ஓய்ந்த நேரமெல்லாம் எறும்புகளுக்கே. இந்தியா, இலங்கை எறும்புகளைப் பற்றி 1892 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் அவர் எழுதிய தொடர் பிரெஞ்சுத் தலைப்புடன் வெளிவந்தது. அந்தமான், நிக்கோபார் எறும்புகளைப் பற்றிய அவருடைய தனிக் கட்டுரை 1903இல் ஸ்விஸ் விலங்கியல் இதழில் வந்தது. அக்கட்டுரையின் துணைத் தலைப்பு, இத்தீவின் எறும்புகளுக்கும் அண்டை நாடுகளின் எறும்புகளுக்கும் உள்ள உறவைப் பற்றியது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெயர் வைப்பதோடு அவர் நிற்கவில்லை. உறவு முறையைக் கேட்டார். அதே 1903இல்தான் பர்மாவில் வன அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற கர்னல் பிங்ஹாம், இந்தியா, பர்மா, இலங்கை எறும்புகளுக்கான பெருநூலை இலண்டனில் வெளியிட்டார். கணுவையும் கொம்பையும் பார்த்துப் படிப்படியாக இனத்தை அடையும் திறவுமுறை அதில் உண்டு.

உறவு முறையின் விடை ஓரளவு நில அமைப்பிலேயே உள்ளது. அந்தமான் தீவுத்தொடர் பர்மாவின் அரக்கான் மலைகளின் கடலடித் தொடர்ச்சி. நிக்கோபாரோ சுமத்திராவுக்கு அண்மையது. இரண்டுக்கும் நடுவே பத்துப் பாகைக் கால்வாய் 150 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கிறது. ஆகவே அந்தமான் உயிர்கள் பர்மாவின் பக்கமும், நிக்கோபார் உயிர்கள் சுமத்திராவின் பக்கமும் பொதுவாகச் சாய்ந்து நிற்கின்றன. இந்த ஒழுங்குக்குள் அடங்காதவை மனிதனோடு வந்தவை.

அவற்றுள் இரண்டை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. தாறுமாறாக ஓடுவதால் இரண்டுக்கும் ‘பைத்தியக்கார எறும்பு’ என்றே ஆங்கிலத்தில் பெயர். ஒன்று மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத கருமையான எறும்பு. கொம்பில் 12 துண்டுகள். சர்க்கரைப் புட்டியைத் தவிர வேறு கேடு மிகுதியாக இல்லை. மற்றொன்று மேலே கூறிய மஞ்சள் மென்காலன். கொம்பில் 11 துண்டுகள். ஆஸ்திரேலியாவுக்குரிய கிறிஸ்துமஸ் தீவில் இது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குடிபுகுந்து, பல்லாண்டுகள் சாதுவாக இருந்தது. 1989இல் அங்கே இதன் மாபெருங் கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. பின்னர் அக்கூட்டங்கள் காடெங்கும் பரவி, செந்நிற நண்டுகளின் கண்ணிலும் மூட்டிலும் அமிலம் பீச்சி அவற்றைக் கொன்றன. மாண்டவை ஒரு கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டனர். அந்தமான், நிக்கோபாரிலும் இவ்வெறும்பு பதிவாகியுள்ளது. அங்கும் நிலத்தில் வாழும் நண்டுகள் உண்டு. தென்னை நண்டு என்னும் பேருருவமும் உண்டு. 11ஐ 12 என்று எண்ணிவிட்டால், காட்டுக்குப் பகையாகக்கூடியது கடைத்தெரு எறும்பென்று ஏட்டில் பதியப்பட்டுவிடும்.

போர்ட் பிளேரில் 1977இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல நிலையம் ஏற்பட்டபின், தீவின் பூச்சிகளைத் தீவிலேயே வைத்துப் பார்க்க வழி பிறந்தது. 2024இல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. போரெலுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 2010இல், இந்திய ஆய்வாளர் மூவர் இத்தீவுகளின் எறும்புகளைத் தொகுத்து வெளியிட்டனர். இனங்கள் நூற்றுக்கு மேற்பட்டன. போரெல் சேர்த்த எறும்புகள் ஜெனீவாக் காட்சிசாலையில் ஊசியில் குத்தி வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் கணுக்களை ஐயம் வரும்போதெல்லாம் மீண்டும் எண்ணலாம்.