நாசரேத் வட்டாரத்தின் ஆதிகுடிகளும் பள்ளிக் கல்வியும்

நாசரேத், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றுக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர். இதன் பழைய பெயர் சாண்பத்து. கிறித்தவம் பரவிய காலத்தில் விவிலியப் பெயரைப் பெற்றது. 1876-இல் இங்கு வந்த கேனன் ஆர்தர் மர்காஷிஸ் பள்ளிகளை வளர்த்தார். 1878-இல் கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். இவ்வூரின் வரலாறு பெரும்பாலும் அவரிலிருந்தே சொல்லப்படுகிறது. மண்ணின் வரலாறோ அதைவிட மிகப் பழையது.

மர்காஷிஸ் வந்த அதே 1876-இல், திருநெல்வேலி செல்லும் வழியிலுள்ள ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஆகவே, ஆற்றங்கரைப் பிள்ளைகள் தம் ஊர்ப் பக்கத்து முன்னோரின் பொருள்களைக் காணச் சென்னைக்குப் போகவேண்டிய நிலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

ஆஸ்திரேலியப் பள்ளிகளில், அந்நிலத்தின் மரபுவழிக் காவலரான பழங்குடியினரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து நிகழ்ச்சிகளைத் தொடங்கும் வழக்கம் உண்டு. அங்கு அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர். தாமிரபரணிக் கரையில் அவ்வாறு தனித்துச் சுட்ட ஒரு குடி இல்லை. தாழிகளில் அடக்கம் செய்யப்பட்டோர் தம்மை எப்பெயரால் அழைத்தனர் என்பதற்கும் சான்று இல்லை. சாவே வராமல் உடல் சுருங்கிப்போன கிழவர்களைத் தாழியில் வைத்தார்கள் என்னும் கதையே மக்களிடம் வழங்கிவந்தது. 'முதுமக்கள் தாழி' என்பது பிற்காலத்தார் இட்ட பெயராகக் கொள்ளத்தக்கது.

இந்நிலையை மாற்றியதில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் பங்குண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் வரலாறு கற்பித்த அவர், ஆற்றின் வடபுறம் உள்ள சிவகளைப் பரம்பில் சிதறிக் கிடந்த பானை ஓடுகளைக் கவனித்து, அவ்விடத்தை வெளியுலகுக்கு அறிவித்தார். (பரம்பு என்பது சரளை நிறைந்த மேட்டு நிலம், ஆடு மேய்ப்போருக்கு நன்கு பழகிய இடம்.) தமிழ்நாடு தொல்லியல் துறை 2020-இல் அங்கு அகழாய்வு செய்தது. ஒரு தாழியில் இருந்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்செல்வதாக 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. இக்காலக்கணிப்பு நிலைபெறுமாயின் பாடநூலின் இரும்புக்காலப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் களக் காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே அகழ்குழியின் மேல் கண்ணாடி பதிக்கப்பட்டுள்ளது. தாழிகளை அவை புதைக்கப்பட்ட இடத்திலேயே மாணவர்கள் குனிந்து பார்க்கலாம். நாசரேத்திலிருந்து திருநெல்வேலி ரயிலில் ஸ்ரீவைகுண்டம் வரை சென்றால் அவ்விடம் அருகில்தான். ஆனால் 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பரம்பில் தோண்டப்பட்டது சிறு பகுதியே.